ஒரு வரியும் இரு குழல்களும்

மேலைத்தேயப் பல்லிய இசையின் ஏடுகளைப் புரட்டுவோர் ஆங்காங்கே ‘மூத்தா இன்’ என்னும் இரு இத்தாலியச் சொற்களைக் காண்பர். ‘மாற்றிக்கொள்க’ என்பது அவற்றின் பொருள். அவற்றையடுத்து ஒரு கருவியின் பெயர் வரும். இரண்டாம் புல்லாங்குழலாளரின் ஏட்டில் பிக்கலோ என்றும், இரண்டாம் ஓபோக்காரரின் ஏட்டில் கோர் ஆங்கிலே என்றும், கிளாரினெற்காரரின் ஏட்டில் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தாகவும் அது அமையும். சுரங்களையும் காலவளவையும் சுட்டும் குறிகளே நிறைந்த ஏட்டில் இச்சொற்கள் மட்டும் வேறோர் இனத்தவை. கையிலிருப்பதைக் கீழே வைத்து, அருகிலிருக்கும் மற்றொன்றை எடுத்து, உதட்டிற் பொருத்தி, அடுத்த சுரத்துக்கு ஆயத்தமாகும் ஒரு மனிதச் செயலையே இவை குறிக்கின்றன. அச்செயல் நிகழும் பொழுதில் அவருடைய வரியில் இருப்பவை ஓய்வுக்குறிகள் மாத்திரமே. அவையோருக்கு அவரிடமிருந்து ஒன்றும் கேட்பதில்லை.

ஒருவரே இரு கருவிகளை ஏன் ஏந்தவேண்டும் என்ற வினாவுக்குரிய விடை பெருமளவிற் பொருளாதாரஞ் சார்ந்தது. துவோர்ஷாக் இயற்றி 1893ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அரங்கேறிய ‘புதிய உலகிலிருந்து’ என்னும் சிம்பனியில் பிக்கலோவுக்கு முதற் பகுதியிற் சில தாளப்பிரிவுகளே உள்ளன. கோர் ஆங்கிலே இரண்டாம் பகுதியில் மாத்திரம் ஒலிக்கிறது. அந்த இசைக்கோலத்தை ஒருமுறை கேட்டவர் மறப்பது அரிது. ஆயினும் ஓரிரு நிமிட ஒலிக்காக ஓராளை மாலை முழுவதும் நாற்காலியில் இருத்திச் சம்பளங் கொடுக்க எல்லாக் குழுக்களாலும் இயலுவதில்லை. எனவே புல்லாங்குழலாளருள் ஒருவர் பிக்கலோவையும், ஓபோக்காரருள் ஒருவர் கோர் ஆங்கிலேயையும் எடுத்துக்கொள்ளும் வகையில் ஏடு எழுதப்பட்டது. வசதியுள்ள குழுக்கள் கோர் ஆங்கிலேக்கெனத் தனியொருவரை அமர்த்துவதும் உண்டு.

கிளாரினெற்றின் கதை சற்று வேறானது. அதன் மாற்றத்துக்குக் கருவியின் அமைப்பே காரணம். பல்லியங்களில் இருவகைக் கிளாரினெற்றுகள் வழங்குகின்றன. ஒன்று பி-பிளாற் கிளாரினெற். எழுதப்பட்ட சுரத்திலும் இரண்டு அரைச்சுரம் தாழ்ந்து ஒலிப்பது. மற்றையது ஏ கிளாரினெற். மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிப்பது. இரண்டையும் கண்ணாற் காண்போர் வேறுபாடு அறிவது எளிதன்று. ஒன்று மற்றதைவிடச் சிறிதே நீளம். ஆனால் ஒரு பகுதி ஈ மேஜரில் அமைந்தால், பி-பிளாற் கருவிக்காரரின் ஏட்டில் ஆறு ஷார்ப் குறிகள் நிற்கும். ஏ கருவிக்காரருக்கோ ஒரே ஒரு ஷார்ப். ஈ-பிளாற் மேஜராயின் நிலைமை தலைகீழாகும்: பி-பிளாற் கருவிக்கு ஒரு பிளாற், ஏ கருவிக்கு ஆறு. சாவிகள் குறைவாயிருந்த பழைய கிளாரினெற்றுகளில் ஆறு குறிகள் கொண்ட பகுதியை விரைந்து வாசிப்பது பெரும் இடர். ஆதலாலேயே ஒருவர் இரு குழல்களை வைத்திருக்கும் வழக்கம் நிலைத்தது. சாவிகள் பெருகிய பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. இன்றும் பல்லியக் கிளாரினெற்காரர் இரண்டையும் ஒரே பெட்டியிற் சுமந்து செல்வர்.

கொம்புக்காரரின் நிலை இதனினும் கடினமாக இருந்தது. வால்வுகள் தோன்றுமுன், கொம்பின் சுருதியை மாற்ற வேண்டுமாயின் வளைந்த துணைக்குழாயொன்றைக் கழற்றி வேறு நீளமுள்ளதைச் செருகவேண்டும். 1805ஆம் ஆண்டு வியன்னாவிற் பொதுமக்கள் முன்னிலையில் அரங்கேறிய பீதோவனின் மூன்றாம் சிம்பனியில், முதற் பகுதியின் பிற்பாதியில், ஈ-பிளாற்றில் வாசித்துக்கொண்டிருந்த முதற் கொம்பாளர் எஃப் சுருதிக்கு மாறித் தனித்து ஒலிக்கவேண்டியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு நீண்ட ஓய்வு கொடுக்கப்பட்டுள்ளது. முந்தி நுழைந்துவிட்டதோ எனக் கேட்போரைத் திகைக்கவைக்கும் புகழ்பெற்ற கொம்பொலி அதற்குச் சற்று முன்னர் எழுகின்றது. அதனை வாசிப்பவர் இரண்டாம் கொம்பாளர். முதலாமவர் அவ்வேளையில் ஓய்விலிருக்கிறார். ஏட்டை மேலோட்டமாகப் படிப்பவருக்கு வெற்றிடமாகத் தோன்றும் அத்தாளப்பிரிவுகளில் ஒரு மனிதர் குழாயைக் கழற்றிச் செருகிக்கொண்டிருப்பதைப் பீதோவன் தம் மனக்கண்ணிற் கண்டிருக்கிறார் என்பது தெளிவு.

இவ்வாறு கையாலும் அச்சுத் தகட்டாலும் நெடுங்காலம் எழுதப்பட்டுவந்த ‘மூத்தா இன்’, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் கணினிக்குள் புகுந்தது. இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களுள் ‘பினாலே’ 1988இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இங்கிலாந்தில் பென் ஃபின், ஜொனதன் ஃபின் என்னும் இரட்டைச் சகோதரர் உருவாக்கிய ‘சிபேலியஸ்’ 1993இல் ஏகோர்ன் கணினிகளுக்கென வந்தது. ‘மியூஸ்ஸ்கோர்’ பின்னர் விலையின்றிக் கிடைப்பதாய் வந்து மாணவரிடையே பரவிற்று. ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் ‘டொரிக்கோ’வை 2016இல் வெளியிட்டது. இவற்றை ஆக்கியோர் அனைவரும் எதிர்கொண்ட சிக்கல்களுள், வெளியார் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒன்று, நடுவழியிற் கருவியை மாற்றுவது. கைப்படியாளருக்கு அது இரண்டு சொல் எழுதும் வேலை. கணினிக்கோ ஒரே கணத்திற் பல காரியங்கள் நிகழவேண்டும்: ஏட்டில் எச்சரிக்கைச் சொல் தோன்றவேண்டும்; சுருதி பெயர்ப்பு மாறவேண்டும்; அதற்கேற்பத் தொடக்கக்குறிகள் மாறவேண்டும்; மீட்டொலியில் வேறு ஓசை எழவேண்டும்.

மீட்டொலி என்ற இக்கடைசிக் காரியத்திலேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. கணினிகளும் மின்னிசைக் கருவிகளும் தமக்குள் உரையாடுவதற்கான ‘மிடி’ என்னும் ஒழுங்கு 1983இல் ஏற்பட்டது. அதன் வழிவந்த 1991ஆம் ஆண்டின் பொது வரிசையில் நூற்றிருபத்தெட்டு ஓசைகளுக்கு எண்கள் வகுக்கப்பட்டன. பிக்கலோ 73, புல்லாங்குழல் 74, ஓபோ 69, கோர் ஆங்கிலே 70. இரண்டாம் புல்லாங்குழலாளர் பிக்கலோவை எடுப்பது என்னும் செயல், இவ்வுலகில், 74 என்பது 73 ஆவதாகச் சுருங்கிவிடுகின்றது. அவ்வெண் மாறுவதற்கு வேண்டிய காலம் காதுக்கு எட்டாதது. கிளாரினெற்றைப் பொறுத்தமட்டில் அதுவுமில்லை. பட்டியலில் கிளாரினெற் ஒன்றே, எண் 72. பி-பிளாற்றிலிருந்து ஏக்கு மாறும்போது பொறிக்கு மாற்றமே கேட்பதில்லை. வாத்தியக்காரரோ அவ்வேளையில் ஊதுவாயைக் கழற்றி மற்றக் குழலிற் செருகிக்கொண்டிருப்பார். ஒரே ஊதுவாயையும் அதிற் கட்டிய நாக்கையும் இரு குழல்களுக்கும் மாறி மாறிப் பயன்படுத்துவது பலரது வழக்கம்.

நமது சூழலிலும் இதற்கொப்பான ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வரும். கச்சேரியிற் பாடகர் மத்திம சுருதியிற் பாட எண்ணினால், தம்புராக்காரர் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு இறக்கிச் சேர்க்கும்வரை அவை காத்திருக்கும். மின்சுருதிப் பெட்டி வந்தபின் அது ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிகின்றது. அங்கே மனிதரின் இடத்தைப் பொறியே முழுமையாகப் பெற்றுக்கொண்டுவிட்டமையால் தீங்கு ஏதுமில்லை. பல்லியத்திலோ பொறி ஒத்திகைக்கு முந்திய கட்டத்தில் மாத்திரமே வாசிக்கிறது. அரங்கில் வாசிப்பவர் மனிதர்.

மென்பொருள்கள் இச்சிக்கலை அணுகிய முறைகள் இரண்டு. முதலாவது முறையில் மாற்றம் வரியின்மேல் இடப்படுகின்றது. பினாலேயின் பழைய பதிப்புகளில் இது பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது: குறித்த தாளப்பிரிவுகளுக்கு மட்டும் சுருதி பெயர்ப்பை மாற்றும் ஒரு பாங்கினை வரியின்மேற் பூசவேண்டும்; மீட்டொலியை மாற்றுவதற்கு வேறொரு சொற்குறியை இடவேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் ஏடு ஒன்று சொல்லும், ஒலி வேறொன்று சொல்லும். பிந்திய பதிப்புகளில் இவை ஒரே கட்டளையுள் அடங்கின. அம்மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதிலேயே எழுதிப் பழகியோர் பலர்.

சிபேலியஸ் இம்முறையைச் செம்மையாக்கியது எனலாம். வரியில் ஓரிடத்தைத் தெரிந்து, பட்டியலிலிருந்து புதிய கருவியைச் சுட்டினாற் போதும். அவ்விடத்திலிருந்து சுருதி பெயர்ப்பும் தொடக்கக்குறிகளும் ஓசையும் தாமாகவே மாறும். இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. பழைய கருவியின் கடைசிச் சுரத்தை அடுத்து, ‘பிக்கலோவுக்கு’ என்ற எச்சரிக்கையை அதுவே எழுதித்தரும். நல்ல கைப்படியாளர் அறிந்திருந்த விதி இது. மாற்றச் சொல்லைப் புதிய கருவி ஒலிக்கத் தொடங்கும் இடத்துக்கு அருகில் எழுதினால், வாத்தியக்காரர் ஓய்வு முழுவதையும் எண்ணிக்கொண்டு வாளாவிருந்து, கடைசி நொடியிற் பதறுவார். ஓய்வின் தலைப்பில் எழுதினால் அவ்வோய்வு முழுவதும் அவருக்கு உரியதாகும். இச்சிறு அறிவு ஒரு மென்பொருளின் தேர்வுப் பெட்டியாக உருப்பெற்றமை பாராட்டற்குரியது.

எனினும் இம்முறையின் அடிப்படையில் ஒரு மயக்கம் உள்ளது. இங்கே வரியே கருவி. கருவி மாறினால் வரியின் தன்மை மாறுகின்றது. இட்ட அடையாளத்தை அழித்தால், அடுத்த அடையாளம் வரையுள்ள யாவும் பழைய கருவிக்கே திரும்பிவிடும். அவ்வரிக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதற்கு அங்கே இடமில்லை.

டொரிக்கோவை ஆக்கியோருட் பலர் முன்னர் சிபேலியஸ் மென்பொருளில் உழைத்தவர்கள். அதன் இலண்டன் அலுவலகம் 2012இல் மூடப்பட்டபின் ஸ்ரைன்பேர்க்கில் ஒன்றுசேர்ந்தவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய இசை அச்சாளர் ஒருவரின் பெயரைத் தம் ஆக்கத்துக்குச் சூட்டிய இவர்கள், முதலிலிருந்தே வேறு வினாவை எழுப்பினர். டொரிக்கோவைத் திறந்ததும் அது கேட்பது ‘எத்தனை வரி?’ என்பதன்று, ‘வாசிப்போர் யாவர்?’ என்பதே. முதலில் ஓராள் படைக்கப்படுகிறார். பின்னர் அவர் கையிற் கருவிகள் கொடுக்கப்படுகின்றன: ஒருவருக்குப் புல்லாங்குழலும் பிக்கலோவும், மற்றொருவருக்கு ஓபோவும் கோர் ஆங்கிலேயும். எழுதும்போது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வரி விரித்துக் காட்டப்படும். எழுதுபவர் பிக்கலோவின் சுரங்களைப் பிக்கலோவின் வரியிலே எழுதிச் செல்லலாம். பக்கமாக அமைக்கும்போது, அவ்விரு கருவிகளும் ஒரே ஆளுக்குரியவை என்பதை அறிந்த மென்பொருள் அவற்றை ஒரே வரியாக இணைத்து, மாறும் இடங்களில் எச்சரிக்கைச் சொற்களையும் பெயர்களையும் தானே பொறித்துவிடும். பிக்கலோவை இரண்டாமவரிடமிருந்து வாங்கி முதலாமவரிடம் கொடுக்க விரும்பினால், கருவியை ஓர் ஆளிலிருந்து மற்றோர் ஆளுக்கு இழுத்துவிட்டாற் போதும். தனி ஏடுகள் அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

இருவேறு கருவிகளுக்கு ஒரே நேரத்திற் சுரம் எழுதிவிட்டால் நிகழ்வதே இம்முறையின் சிறப்பை நன்கு காட்டுகின்றது. புல்லாங்குழலின் நீண்ட சுரமொன்று முடியுமுன் அதே ஆளின் பிக்கலோ தொடங்குமாறு ஒருவர் எழுதினால், டொரிக்கோ மாற்றச் சொல்லை இடாது. இரு வரிகளையும் பிரித்தே காட்டும். ஒருவர் ஒரு வாயால் இரு குழல் ஊதவியலாது என்ற எளிய உண்மை இங்கே பக்கத்தின் தோற்றத்திலேயே வெளிப்படுகின்றது. ஒலியை மட்டும் கேட்டிருந்த எழுத்தாளருக்கு அந்த இரண்டாவது வரி திடீரெனக் கண்ணிற்பட்டு, வாசிப்பவரை நினைவூட்டும்.

இச்சிந்தனை முற்றிலும் புதியதன்று. அமெரிக்க இசைநாடக அரங்குகளின் தாழ்வாரக் குழிகளில் இது நெடுநாள் வழக்கிலிருந்தது. லெனார்ட் பேர்ண்ஸ்ரைன் இசையமைத்து 1957இல் நியூயோர்க்கில் மேடையேறிய ‘வெஸ்ற் சைட் ஸ்ரோரி’யில் நாணற் கருவிகளுக்கென ஐந்து ஏடுகள் இருந்தன. அவ்வேடுகளுக்கு ‘கிளாரினெற்’ என்றோ ‘சாக்ஸபோன்’ என்றோ பெயரில்லை. ‘நாணல் ஒன்று’, ‘நாணல் இரண்டு’ என நாற்காலிகளுக்கே பெயர். அவற்றுட் சிலவற்றிற்கு உரியவர் ஐந்துக்கு மேற்பட்ட கருவிகளைக் காலடியிலும் பக்கத்திலுமுள்ள தாங்கிகளில் நிறுத்திவைத்து, ஒரே மாலையில் மாறி மாறி எடுப்பார். குழி சிறிது, நாற்காலிகள் சில, முதலாளிக்குச் செலவுக் கணக்கு உண்டு. இசையாக்குநருக்கோ பல நிறங்கள் வேண்டும். இம்முரண்பாட்டின் சுமை வாத்தியக்காரரின் தோளில் இறங்கியது. அதனை உணர்ந்த அமெரிக்க வாத்தியக்காரர் தொழிற்சங்கம், கூடுதலாக ஏந்தும் கருவிகளுக்குக் கூடுதற் கொடுப்பனவு வேண்டுமென ஒப்பந்தங்களில் எழுதுவித்தது. ஆகவே ஏட்டிலுள்ள ஒரு மாற்றச் சொல் கூலிக்கணக்கிலும் ஒரு பதிவாகும். இசையை உழைப்பினின்று பிரித்து நோக்கும் அழகியலாளர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாற்காலியின் பெயரில் ஏடு எழுதிய அக்குழிகளின் நடைமுறையும், ஆளை முதலில் வைக்கும் 2016ஆம் ஆண்டின் மென்பொருளும் ஒரே உண்மையின் மேலேதான் நிற்கின்றன.

ஆனால் டொரிக்கோவுக்கும் தெரியாதது ஒன்றுண்டு: காலம் போதுமா என்பது. கடைசிச் சுரத்துக்கும் முதற் சுரத்துக்கும் இடையே அரைத் துடிப்பு இருந்தாலும் அது மாற்றச் சொல்லைப் பணிவுடன் பொறித்துவிடும். நான்கு துடிப்புத் தாளப்பிரிவொன்று, நிமிடத்துக்கு நூற்றிருபது துடிப்பாயின் இரண்டு நொடி. அறுபதாயின் நான்கு நொடி. நான்கு தாளப்பிரிவு ஓய்வு கொடுத்துவிட்டோம் என மனநிறைவடையும் மாணவர், தாம் கொடுத்தது எட்டு நொடியா பதினாறு நொடியா என்பதைக் கணித்துப் பார்ப்பதில்லை. வேகத்தைப் பின்னர் கூட்டினால் அவ்வோய்வு சுருங்குவதும் அவர் கவனத்துக்கு வருவதில்லை.

கருவியை எடுப்பதோடு காரியம் முடிவதுமில்லை. சிலகாலம் வாசிக்கப்படாமல் தாங்கியில் நின்ற குழல் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த குழல் சுருதி தாழ்ந்தே ஒலிக்கும். ஆதலால் அனுபவமுள்ளவர், ஒலியெழாமல் அதனுள் மூச்சைச் செலுத்திச் சூடேற்றிக்கொள்வார். கோர் ஆங்கிலேயின் இரட்டை நாக்கு உலர்ந்திருந்தால் எச்சிலால் நனைக்கவேண்டும். சீவாளியை வாயிலிட்டுப் பதப்படுத்தும் நாதஸ்வரக் கலைஞரை யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிற் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அதன்பின் விரல்களின் இடைவெளி புதிய குழலுக்கு இணங்கவேண்டும்; புல்லாங்குழலின் அரைவாசி நீளமே உள்ள பிக்கலோவில் விரல்கள் நெருங்கி நிற்கும், உதடும் இறுகவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் உடனே உச்ச சுரமொன்றை மெல்லொலியில் தொடங்குமாறு எழுதுவது இரக்கமற்ற செயல். அதனை எழுதியவர் அவ்விரக்கமின்மையை அறிந்து எழுதவில்லை. அவருடைய கணினி அதே சுரத்தைப் பிழையின்றி, நூறு முறை, அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது.

முன்னைய தலைமுறையினர் இதனைக் கற்ற விதம் வேறு. இளம் இசையாக்குநரின் கையெழுத்து ஏடு முதலிற் கைப்படியாளரிடம் போகும். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் உரிய தனி ஏட்டினைப் பிரித்தெழுதும் அவர், ஓரிடத்தில் நின்று, ‘இவர் இதை எப்போது எடுப்பார்?’ என்று கேட்பார். கேள்வியும் திருத்தமும் ஒத்திகைக்கு முன்னரே முடிந்துவிடும். தனி ஏடுகளை மென்பொருள் நொடியிற் பிரித்துத் தரத் தொடங்கியதும் அத்தொழில் அருகியது. தொழிலோடு அக்கேள்வியும் அருகியது. பல்லியம் எழுதுவோருக்கான கைநூல்களில் இவ்விதிகள் யாவும் உள்ளன. எலேன் கூல்ட் எழுதி 2011இல் இலண்டனில் வெளிவந்த ‘பிஹைண்ட் பார்ஸ்’ என்னும் பெருநூல் இசைக்குறிப்பின் இத்தகைய நடைமுறைகளை நுணுக்கமாக எடுத்துரைக்கின்றது. ஆனால் நூலை விரித்துப் பார்ப்பதற்கு ஐயம் தோன்றவேண்டும். மீட்டொலி ஐயத்தைத் தோற்றுவிப்பதில்லை.

அவ்வையம் இன்று பெரும்பாலும் முதல் ஒத்திகையிலே பிறக்கின்றது. நடத்துநர் கோலை அசைக்க, குறித்த இடத்தில் பிக்கலோ ஒலிக்காமற்போகும். அனைவரும் நிற்பர். இரண்டாம் புல்லாங்குழலாளர் தம் ஏட்டைக் காட்டிச் சிலவற்றைச் சொல்வார். ஒத்திகை அறைக்கும் எழுபது பேரின் நேரத்துக்கும் கொடுக்கவேண்டிய பணம் கடிகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு தாளப்பிரிவுகளை முதலாமவரிடம் கொடுத்தோ, ஒரு சொற்றொடரை எட்டுச்சுரம் இறக்கிப் புல்லாங்குழலிலேயே வாசித்தோ அவ்விடத்திலேயே வழி காணப்படும். இத்தகைய தீர்வுகளைச் சொல்லுபவர் பெரும்பாலும் வாத்தியக்காரரே.

பின்னர் அவர் தம் தாங்கியிலிருந்து ஒரு பென்சிலை எடுப்பார். தூய எழுத்தில், வழுவின்றி அச்சிடப்பட்டிருக்கும் அத்தனி ஏட்டின் ஓய்வுக்குறிகளுக்கு மேலே, ஒரு சோடி மூக்குக்கண்ணாடியைச் சிறிதாக வரைவார். ‘இங்கே கவனம்’ என்பதற்கு மேலைத்தேய வாத்தியக்காரர் காலங்காலமாக வரைந்துவரும் அடையாளம் அது. ஏடுகள் வாடகை நூலகத்துக்குத் திரும்பிச் சென்று, சில ஆண்டுகளின் பின் வேறொரு நகரத்தில் வேறொருவரின் தாங்கியில் விரிக்கப்படும்போதும், அந்தப் பென்சிற் கண்ணாடி அழிக்கப்படாமல் அவ்விடத்திலேயே இருக்கும். சிலவேளைகளில் அதன் பக்கத்திலே இரண்டாவதொரு கையால் வரையப்பட்ட இன்னொரு கண்ணாடியும் இருக்கும்.